கராச்சி வழியே கரைசேர்ந்த குழந்தைகள்

இந்து சமுத்திரத்தில் உலகப் போர் – 9

1943ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி ஈரானின் தலைநகர் தெஹ்ரானிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் போலந்தில் பிறந்தவர்கள். தாய் தகப்பனைப் பட்டினிக்கும் காய்ச்சலுக்கும் பறிகொடுத்தவர்கள் பலர். பிள்ளையாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று பெற்றோரே அநாதை இல்லத்து வாசலில் விட்டுச்சென்றவர்கள் வேறு பலர். அவர்கள் போய்ச் சேரவேண்டிய இடம் பலஸ்தீனம். பக்தாத் வழியாக லொறியில் போனால் சில நாள் பயணந்தான். ஆனால் ஈராக் அரசு வழிவிட மறுத்துவிட்டது. ஆகவே பாரசீக வளைகுடாவில் கப்பலேறி, கிழக்கே பிரித்தானிய இந்தியாவின் கராச்சித் துறைமுகத்துக்கு வந்து, அங்கு கப்பல் மாறி, மறுபடி மேற்கே திரும்பி, அரேபியாவைச் சுற்றிச் செங்கடல் வழியாகச் சூயஸை அடைந்து, சினாய்ப் பாலைவனத்தை ரயிலில் கடக்க வேண்டியதாயிற்று. பெப்ரவரி 18ஆம் திகதிதான் அவர்கள் பலஸ்தீன மண்ணில் இறங்கினார்கள்.

வரலாற்று நூல்கள் இவர்களைத் 'தெஹ்ரான் குழந்தைகள்' என்று குறிக்கின்றன. இவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, பேன் எடுத்து, குளிப்பாட்டி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கப்பலிலும் பக்கத்தில் இருந்து கூட்டிவந்தவர்களில் பெரும்பாலோர் யூத இளைஞர் இயக்கங்களைச் சேர்ந்த, இருபது வயதைச் சற்றே தாண்டிய ஆண்களும் பெண்களும். நாஸி ஜேர்மனி அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த அந்த ஆண்டுகளில், வல்லரசுகள் கைவிரித்த இடங்களில் இந்த இளைஞர்கள் செய்த மீட்புப் பணி தனித்துப் பேசப்படவேண்டியது. அதில் இந்து சமுத்திரத்தின் அலைகளைத் தொட்டுச்சென்ற பகுதியே இங்கு விரிவாகச் சொல்லப்படுகிறது.

மலையேறவும் மண் கொத்தவும் பழகியவர்கள்

முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னுமாக மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் யூத இளைஞர் இயக்கங்கள் பல தோன்றின. ஜேர்மனியில் 1912இல் 'பிளௌ-வைஸ்' தொடங்கியது. கலீசியாவில் உருவான 'ஹஷோமர் ஹத்ஸயீர்' இடதுசாரிச் சிந்தனையும் சாரணர் ஒழுங்கும் கலந்தது. 'ட்ரோர்' தொழிலாளர் இளைஞர்களிடம் வேரூன்றியது. 'கோர்டோனியா' உடலுழைப்பைப் போற்றிய ஏ. டி. கோர்டனின் பெயரைத் தாங்கியது. மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ப்னெய் அகீவா' இருந்தது. இவர்களுக்கு நேரெதிராக, யூதர் தாம் வாழும் நாட்டிலேயே உரிமைக்குப் போராட வேண்டும் என்று சொன்ன புந்த் கட்சிக்கும் 'த்ஸுகுன்ஃப்ட்' என்ற இளைஞர் அணி இருந்தது. கொள்கையில் இவை ஒன்றையொன்று கடுமையாகத் தாக்கிக்கொண்டன. ஒரே தெருவில் இரண்டு கிளைகள் இருந்தால் இரண்டு பகுதியினரும் முகங்கொடுத்துப் பேசாத நிலைகூட உண்டு.

ஆனால் பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு குழு. அவர்களைவிட மூன்று நான்கு வயது மூத்த ஒருவர் வழிகாட்டி. வாரத்தில் பல நாள் கூட்டம், வாசிப்பு, பாட்டு, விடுமுறையில் மலைநடைப் பயணம், கூடார வாசம். பதினெட்டு வயதானதும் பயிற்சிப் பண்ணைக்குப் போய் மண் கொத்தவும் மாடு கறக்கவும் பழகவேண்டும். சம்பாதிப்பது பொதுப்பெட்டிக்கு, சாப்பாடு பொதுச் சட்டியிலிருந்து. பலஸ்தீனத்தில் கூட்டுப் பண்ணை அமைப்பதற்கென்று வகுத்த பயிற்சி இது. இரகசியமாகப் பொருள் கடத்தவோ, கள்ளக் கையெழுத்துப் போடவோ, அடுத்தவர் பிள்ளையை வளர்க்கவோ எவரும் அவர்களைப் பழக்கவில்லை. ஆயினும் ஒருவரையொருவர் முழுமையாக நம்புவதும், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பதும், தம்மிலும் சிறியவருக்குப் பொறுப்பேற்பதும் பதின்ம வயதிலேயே அவர்களுக்குக் கைவந்திருந்தன. போர் வந்தபோது பெரியவர்களின் அமைப்புகள் பல திகைத்து நிற்க, இவர்கள் இயங்க முடிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ரேகா ஃப்ரையரின் யோசனை

மீட்புப் பணிக்கு முதல் அடித்தளம் இட்டவர் பெர்லினில் வாழ்ந்த ஒரு யூத மதகுருவின் மனைவி, ரேகா ஃப்ரையர். யூதர் என்ற காரணத்தால் வேலையிழந்த பதினாறு வயதுப் பையன்கள் சிலர் 1932இல் அவரிடம் உதவி கேட்டு வந்தார்கள். ஜேர்மனியில் இவர்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று அவர் தீர்மானித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்பே, 1932 ஒக்டோபரில், 12 பையன்கள் அடங்கிய முதற்குழு பலஸ்தீனத்தின் பென் ஷெமென் இளைஞர் கிராமத்துக்குப் புறப்பட்டது. அவரது அமைப்பு 1933 ஜனவரி 30ஆம் திகதி முறைப்படி தொடங்கியது. ஹிட்லர் ஜேர்மனியின் சான்சலராகப் பதவியேற்றதும் அன்றுதான். 'இளைஞர் குடியேற்றம்' எனப்பட்ட இத்திட்டத்துக்கு எருசலேமில் பொறுப்பேற்றவர் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்த ஹென்ரியட்டா ஸோல்ட். பொறுப்பேற்றபோது அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. போர் மூளும் வரை சுமார் 5,000 பிள்ளைகள் இவ்வழியே தப்பினார்கள்.

1938 நவம்பர் 9, 10ஆம் திகதிகளில் ஜேர்மனியெங்கும் யூதத் தொழுகைக்கூடங்களும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதன் பின் பிரித்தானியா பெற்றோரில்லாமல் வரும் குழந்தைகளை ஏற்க இணங்கியது. 1939 செப்டெம்பர் வரை சுமார் 10,000 குழந்தைகள் அங்கே சென்றார்கள். பெர்லினில் இந்த ரயில் பயணங்களை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவர் இளைஞர் இயக்கத்தில் வளர்ந்த நோர்பேட் வொல்ஹைம். குழந்தைகளோடு போகும் வழித்துணையாளர்கள் திரும்பி வந்தாகவேண்டும், ஒருவர் அங்கே தங்கினாலும் திட்டம் நிறுத்தப்படும் என்பது ஜேர்மானிய அதிகாரிகளின் நிபந்தனை. வழித்துணையாகப் போன இளைஞர்கள் இங்கிலாந்து மண்ணை மிதித்த பின்பும் ஜேர்மனிக்குத் திரும்பினார்கள். வொல்ஹைமும் திரும்பினார். 1943 மார்ச்சில் மனைவி, குழந்தையோடு அவர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் மட்டும் உயிர் தப்பினார்.

அதே 1939இல், மே மாதத்தில், பிரித்தானியா வெளியிட்ட வெள்ளை அறிக்கை பலஸ்தீனத்துக்குள் வரக்கூடிய யூதர் தொகையை ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 என்று மட்டுப்படுத்தியது. தப்பி ஓடவேண்டியவர் தொகை பெருகிய வேளையில் கதவு சாத்தப்பட்டது. பின்னால் வரும் ஒவ்வொரு துயரத்திலும் இந்தத் தீர்மானத்துக்குப் பங்குண்டு.

போலந்திலிருந்து உஸ்பெகிஸ்தான் வரை

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜேர்மனி மேற்கிலிருந்தும், 17ஆம் திகதி சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் நுழைந்தன. இளைஞர் இயக்கத் தலைவர்கள் பலர் கிழக்கே ஓடி வில்னா நகரில் கூடினார்கள். அங்கிருந்து வெளிநாடு போக வழி கிடைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இத்தலைவர்கள் எடுத்த முடிவு வியப்பூட்டுவது: ஜேர்மானியர் பிடித்த பகுதியில் சிக்கிக்கொண்ட சின்னவர்களைத் தனியே விடமுடியாது, சிலர் திரும்பிப் போகவேண்டும். ஃப்ரூம்கா பிளோட்னிட்ஸ்கா, தோஸியா அல்ட்மன், ஸிவியா லுபெட்கின், மோர்டெகாய் அனியெலெவிச் ஆகியோர் அப்படித் திரும்பிப் போனவர்கள். ஃப்ரூம்காவும் தோஸியாவும் போலிப் பத்திரங்களோடு, யூதர் பூட்டிவைக்கப்பட்டிருந்த அடைப்பிடத்துக்கு அடைப்பிடம் செய்தியும் பணமும் கொண்டு திரிந்தார்கள். அனியெலெவிச் 1943 ஏப்ரலில் வார்சா அடைப்பிடத்து எழுச்சியைத் தலைமைதாங்கி நடத்தி, மே 8ஆம் திகதி உயிரிழந்தார். அந்த எழுச்சி வேறோர் அத்தியாயத்துக்கு உரியது.

சோவியத் பகுதிக்கு ஓடிய குடும்பங்களுக்கு வேறு விதமான கொடுமை காத்திருந்தது. சோவியத் குடியுரிமையை ஏற்காத அகதிகளை 1940 ஜூனில் இரவோடிரவாகச் சரக்கு ரயிலில் ஏற்றி, வடக்கே காடு வெட்டும் முகாம்களுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜேர்மனி சோவியத்தைத் தாக்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. 1941 ஜூலை 30ஆம் திகதி லண்டனில் போலந்து அரசும் சோவியத் ஒன்றியமும் உடன்படிக்கை செய்தன; நாடுகடத்தப்பட்டிருந்த போலந்துக்காரர் விடுவிக்கப்பட்டார்கள்; ஜெனரல் அண்டர்ஸ் தலைமையில் போலந்துப் படையொன்று திரட்டப்பட்டது. குளிரில் நடுங்கிய மக்கள் சூடான தெற்கு நோக்கி, உஸ்பெகிஸ்தானின் சமர்கந்துக்கும் புகாராவுக்கும் தாஷ்கந்துக்கும் அலைபோலப் பாய்ந்தார்கள். அங்கே சூடு இருந்தது, சோறு இல்லை. டைபஸ் காய்ச்சல் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. போலந்து நிர்வாகம் நடத்திய அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை சூப்பும் பாணும் கிடைத்தன. தகப்பன் இறந்துவிட்டான், தாயும் இல்லை என்று பொய் சொல்லச் சொல்லி, உயிரோடிருந்த தாய்மாரே பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அப்படி விடைபெற்ற பிள்ளைகளில் பலர் தாயைப் பிறகு பார்க்கவேயில்லை.

1942 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் மறுபடி ஓகஸ்டிலும் அண்டர்ஸ் படை கஸ்பியன் கடல் வழியாக ஈரானின் பஹ்லவித் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. படையினரும் பொதுமக்களுமாகச் சுமார் 1,15,000 பேர். யூதர்களைச் சேர்த்துக்கொள்வதில் போலந்து அதிகாரிகளும் சோவியத் அதிகாரிகளும் தடைபோட்டு, ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்திக்கொண்டார்கள். அதையும் மீறி வந்தவர்களுள் சுமார் ஆயிரம் யூதக் குழந்தைகள் இருந்தார்கள்.

இதே வெளியேற்றத்தில் தப்பிய போலந்துக் கத்தோலிக்கக் குழந்தைகள் பலருக்கு இந்தியாவிலேயே அடைக்கலம் கிடைத்தது. குஜராத்தில் நவாநகர் சமஸ்தான மன்னர் ஜாம் சாஹேப் திக்விஜய்சிங் ஜாம்நகருக்கு அருகே பாலாசடியில் 1942இல் அவர்களுக்கு முகாம் அமைத்துக்கொடுத்தார். கோல்ஹாப்பூருக்குப் பக்கத்தில் வளிவடே என்ற இடத்தில் எழுந்த முகாமில் சுமார் 5,000 போலந்து அகதிகள் போர் முடிந்தும் சில ஆண்டுகள் தங்கியிருந்தார்கள்.

தெஹ்ரான் கூடாரங்கள்

தெஹ்ரானுக்கு வெளியே தோஷான் தப்பே என்ற இடத்தில், ஈரானிய விமானப்படைக்குச் சொந்தமான நிலத்தில் போலந்து அகதி முகாம் இருந்தது. அதன் ஒரு மூலையில் சில கூடாரங்களும் ஒரு கட்டிடமும் யூதக் குழந்தைகள் இல்லமாக ஒதுக்கப்பட்டன. ஆரம்பத்தில் அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் அகதியாகவே அங்கு வந்துசேர்ந்த டேவிட் லௌம்பெர்க். ஹஷோமர் ஹத்ஸயீர், ட்ரோர், கோர்டோனியா இயக்கங்களில் இருந்து, அதே சைபீரியப் பாதையைத் தாண்டிவந்த இளைஞர்கள் அவரோடு சேர்ந்து வழிகாட்டிகளானார்கள். போலந்தில் ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்த இயக்கத்தவர் இங்கே ஒரே கூடாரத்தில் படுத்தெழும்பினார்கள். 1942 இறுதியில் யூத முகவரகம் எருசலேமிலிருந்து ஸிப்போரா ஷெர்டோக்கை அனுப்பியது. அவர் பின்னாளில் இஸ்ரேலின் இரண்டாவது பிரதமரான மோஷே ஷரெட்டின் மனைவி. தெஹ்ரானில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதக் குடும்பங்களும் உடுப்பும் உணவும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முதல் வேலை குழந்தைகளைத் தேடுவது. போலந்து இல்லங்களில் மற்றப் பிள்ளைகளின் ஏச்சுக்கும் அடிக்கும் பயந்து, தான் யூதன் என்பதை மறைத்துச் சிலுவைக்குறி இடப் பழகிய குழந்தைகள் இருந்தார்கள். வழிகாட்டிகள் முகாம் முகாமாகப் போய்ப் பேசிப் பார்த்தார்கள். கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிட்டு, பின்னேரம் தானாகத் தேடிவந்த பிள்ளைகள் உண்டு. கடைசிவரை வராதவர்களும் உண்டு. வந்தவர்களுக்கு மொட்டையடிக்கப்பட்ட தலை, புண் பிடித்த கால், வயிற்றோட்டம். தம்பி தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எவரையும் கிட்ட வரவிடாத அண்ணன்மார், அக்காமார் பலர். எட்டு ஒன்பது வயது அக்காவே தாயாக மாறியிருந்த நிலை அது.

பசி அவர்களை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் பாண் வைத்தால் பாதியைத் தின்று மீதியைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். இரவில் தலையணைக்கு அடியில் பாண் துண்டுகள் இருக்கும். நாளைக்கும் பாண் உண்டு என்று வழிகாட்டி எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் நம்பவில்லை. காய்ந்து கல்லான துண்டைக்கூட எறியவிடாமல் அழுதார்கள். இதற்கு மருந்து சொற்பொழிவு அல்ல என்பது அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. இயக்கத்தில் தாம் பழகியதை அப்படியே இங்கும் நடத்தினார்கள். வயதுவாரியாகக் குழு பிரித்தார்கள். காலையில் உடற்பயிற்சி, பிறகு எபிரேய எழுத்து, பாட்டு, பின்னேரம் விளையாட்டு. ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடமை. அடுத்த வேளை உணவு நேரம் தவறாமல் வரும் என்பதை நாளாக நாளாக வயிறு நம்பத் தொடங்கியது. புத்தகமும் கரும்பலகையும் இல்லாமல், தாமும் தாய் தகப்பனை இழந்த நிலையில், அவர்கள் செய்த இவ்வேலையைத் தேர்ந்த ஆசிரியர்களின் பணிக்கு ஒருபடி மேலாகவே மதிக்கவேண்டும்.

இரண்டு கப்பல்கள்

குழந்தைகளுக்கான அனுமதிச் சான்றிதழ்களைப் பிரித்தானிய அரசு தந்தது. வழிதான் கிடைக்கவில்லை. 1941இல் பக்தாத்தில் ஆட்சிக்கவிழ்ப்பும், ஜூன் மாதம் யூதர் மீதான படுகொலையும் நடந்திருந்தன. பிரித்தானியப் படை மறுபடி ஈராக்கில் கால் ஊன்றியிருந்தும், பலஸ்தீனத்துக்குப் போகும் யூதர் தம் மண்ணில் கால் வைக்க அந்நாட்டு அரசு இணங்கவில்லை. மாதங்கள் கழிந்தன. குளிர்காலம் கூடாரங்களைத் தொட்டது. ஈற்றில் கடல்வழியே முடிவாயிற்று.

அந்தக் கடல் எப்படியிருந்தது என்பதை இலங்கை வாசகர் அறிவார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும் 9ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு இலக்காகி ஓராண்டும் ஆகவில்லை. மலாயா வீழ்ந்த பின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் தரும் முக்கிய இடமாக இலங்கை ஆகியிருந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டி எடுத்த றப்பரும் இந்தச் சமுத்திரத்தைக் கடந்துதான் தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களும் கண்ணிவெடிகளும் பதுங்கியிருந்த நீர்ப்பரப்பு. படைக்கும் தளபாடத்துக்குமே கப்பல் போதாத காலத்தில் எழுநூறு குழந்தைகளுக்கு இடம் பிடித்ததே பெரிய காரியம்.

வளைகுடாவின் பந்தர் ஷாபூர் துறையில் குழந்தைகள் ஏறிய கப்பலின் பெயர் 'டுனேரா'. யூத அகதிகளின் வரலாற்றில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு கசப்பான இடம் உண்டு. 1940இல் பிரித்தானியா, தன்னிடம் அடைக்கலம் புகுந்திருந்த ஜேர்மானிய, ஆஸ்திரிய யூதர்களையே எதிரி நாட்டவர் என்று பிடித்து, சுமார் 2,000 பேரை அதே கப்பலில் அடைத்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தது. இம்முறை அது குழந்தைகளைச் சுமந்து கராச்சி வந்தது.

கராச்சியில் மகேன் ஷலோம் தொழுகைக்கூடத்தைச் சுற்றி மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்கள் வாழ்ந்துவந்தார்கள். குழந்தைகள் தங்கியது நகரத்துக்குள் அல்ல, படை முகாமொன்றின் கூடாரங்களில். அடுத்த கப்பல் வரும்வரை அங்கே காத்திருந்தார்கள். சைபீரியப் பனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பிள்ளைகளுக்குச் சிந்து மாநிலத்து வெயில் புதிய அனுபவம். அங்கும் குழுக்கள் கலையவில்லை, பாடம் நிற்கவில்லை. பிறகு 'நியூராலியா' என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஏடனைத் தாண்டிச் செங்கடலில் நுழைந்து சூயஸில் இறக்கிவிட்டது.

சூயஸிலிருந்து ரயில். 1943 பெப்ரவரி 18ஆம் திகதி அது பலஸ்தீனத்தின் அத்லித் முகாமை அடையும் வரை, வழியிலிருந்த நிலையங்களில் யூத மக்கள் தோடம்பழமும் இனிப்பும் பூக்களுமாகத் திரண்டு நின்றார்கள். ஐரோப்பாவில் நடப்பது திட்டமிட்ட இன அழிப்பு என்பது அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் அங்கே உறுதியாகத் தெரியவந்திருந்தது. போலந்தில் தம் உறவுகளை விட்டுவந்தவர்கள் ரயில் யன்னல்களில் தெரிந்த முகங்களுக்குள் தங்கள் அண்ணன் மகனையோ அக்கா மகளையோ தேடினார்கள். 82 வயதான ஹென்ரியட்டா ஸோல்ட் அத்லித்தில் காத்திருந்து குழந்தைகளைச் சந்தித்தார்.

அதன் பின் எழுந்த சச்சரவையும் மறைக்கவேண்டியதில்லை. இக்குழந்தைகளை மத ஆசாரப்படி வளர்ப்பதா, கூட்டுப் பண்ணைகளில் உலகியல் முறையில் வளர்ப்பதா என்று கட்சிகள் கடுமையாக மோதிக்கொண்டன. பத்திரிகைகள் பிரிந்து நின்று எழுதின. முடிவில் 14 வயதுக்கு மேற்பட்டோர் தாமே தெரிவுசெய்யலாம், சிறியவர்கள் பிறந்த வீட்டின் வழக்கப்படி அனுப்பப்படுவார்கள் என்று தீர்ந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் உன் வீட்டில் வெள்ளி இரவு அம்மா விளக்கேற்றுவாரா என்று கேட்டுத் தீர்மானிக்கவேண்டிய நிலை. பிள்ளைகளின் காயம் ஆறும் முன்னே அவர்களைப் பங்குபோட அவசரப்பட்டது அச்சமூகத்தின் பெருமைக்குரிய பக்கமல்ல.

1943 ஓகஸ்டில் இரண்டாவது குழு, 110 குழந்தைகள், இம்முறை ஈராக் வழியே தரைமார்க்கமாக வந்துசேர்ந்தது. முதற்குழுவுக்கு மறுக்கப்பட்ட அதே பாதை. தெஹ்ரான் குழந்தைகளில் 35 பேர் 1948ஆம் ஆண்டுப் போரில் இறந்தார்கள். மற்றவர்களுள் பென்-ஸியோன் தோமெர் நாடகாசிரியரானார். 1962இல் ஹபிமா நாடகக் குழு அரங்கேற்றிய அவரது நாடகம் அந்தத் தலைமுறையின் மனக்காயத்தை முதன்முதலாக மேடைக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. யானுஷ் பென்-கால் இஸ்ரேலியப் படையின் தளபதிகளில் ஒருவரானார். அந்த 1948ஆம் ஆண்டுப் போரில் இருப்பிடம் இழந்து அகதியான ஏழு இலட்சம் பலஸ்தீன அரபு மக்களின் துயரமும் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது.

அதே பணி, வேறு ஊர்கள்

தெஹ்ரானில் நடந்தது போருக்கு வெளியே, ஓரளவு பாதுகாப்பான இடத்தில் நடந்த மீட்பு. ஐரோப்பாவுக்குள் இதைச் செய்தவர்களுக்கு உயிரே விலை. பிரான்சில் ரொபேர் கம்ஸோன் 1923இல் தொடங்கிய யூதச் சாரணர் இயக்கம், 1942இல் 'ஆறாவது பிரிவு' என்ற தலைமறைவு வலையமைப்பாக மாறி, பிள்ளைகளுக்குப் போலிப் பெயரும் அடையாள அட்டையும் தந்து விவசாயிகளின் வீடுகளிலும் கன்னியர் மடங்களிலும் மறைத்தது. நெதர்லாந்தில் யூதரல்லாத பள்ளி ஆசிரியர் யோப் வெஸ்டர்வீலும், பயிற்சிப் பண்ணையைச் சேர்ந்த யோஆகிம் சிமோனும் லோஸ்ட்ரெக்ட் இல்லத்துப் பிள்ளைகளை 1942 ஓகஸ்டில் ஒளித்துவைத்துக் காத்தார்கள். பிடிபட்ட சிமோன் 1943 ஜனவரியில் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தோழர்களின் பெயர் தன் வாயிலிருந்து வந்துவிடக்கூடாது என்பதற்காக. வெஸ்டர்வீல் 1944 ஓகஸ்ட் 11ஆம் திகதி சுடப்பட்டார்.

இவர்களுள் மரியான் கோனின் கதை தனி. 1922இல் ஜேர்மனியின் மன்ஹைமில் பிறந்து பிரான்சில் அகதியான அவர், சியோனிச இளைஞர் இயக்கத்தின் சார்பில் குழந்தைகளைச் சுவிட்ஸர்லாந்து எல்லைக்குக் கொண்டுசெல்லும் பணியில் இருந்தார். 1944 மே 31ஆம் திகதி, அன்னமாஸ் நகருக்குப் பக்கத்தில், எல்லை கண்ணுக்கெட்டும் தூரத்தில், சுமார் 30 குழந்தைகளோடு லொறி மறிக்கப்பட்டது. அன்னமாஸில் பாக்ஸ் என்ற விடுதியை ஜேர்மானியர் சிறையாக்கியிருந்தார்கள். அதில் அடைக்கப்பட்ட மரியானை மட்டும் தப்புவிக்க வழி இருந்தது. பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று அவர் மறுத்தார். நகரபிதா ஜோன் டெஃபோ நாளாந்தம் உணவு கொண்டுபோய்க் கொடுத்து, வாதாடி, சிறியவர்களைத் தம் பொறுப்பில் வெளியே எடுத்தார். ஜூலை 8ஆம் திகதி அதிகாலை மரியான் வேறு சில கைதிகளுடன் வெளியே இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. அவரோடு பிடிபட்ட குழந்தைகள் அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

ஹங்கேரியில் இந்தப் பணி இன்னும் பரந்த அளவில் நடந்தது. 1944 மார்ச் 19ஆம் திகதி ஜேர்மானியப் படை உள்ளே வந்தபோது, போலந்திலும் ஸ்லோவாக்கியாவிலும் நடந்ததை அகதித் தோழர்கள் வாயிலாகக் கேட்டறிந்திருந்த புடாபெஸ்ட் இளைஞர்கள் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. டேவிட் குர் முதலியோர் நடத்திய இரகசிய அச்சகம் பல்லாயிரம் போலிப் பத்திரங்களை உருவாக்கியது. சுவிஸ் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ் தம் பாதுகாப்பில் எடுத்த வடாஸ் தெருவின் 29ஆம் இலக்கக் 'கண்ணாடி வீடு' அவர்களது தலைமையகமாயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியின் கீழ் ஓட்டோ கோமோய் ஒழுங்குசெய்த ஏறத்தாழ 50 குழந்தைகள் இல்லங்களை இயக்கத்தவரே நடத்தினார்கள். ஒக்டோபரில் நாஸி சார்பு அம்புச் சிலுவைக் கட்சியின் காடையர் ஆட்சியைப் பிடித்ததும், சில இளைஞர்கள் அவர்களது சீருடையையே அணிந்துகொண்டு, கைதாகிக் கொண்டுசெல்லப்பட்டவர்களை அவர்கள் கையிலிருந்தே மீட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு கணக்குப் பார்த்தால் மீட்கப்பட்டோர் தொகை சிறியது. கொல்லப்பட்ட யூதர்களில் சுமார் பதினைந்து இலட்சம் பேர் குழந்தைகள். இளைஞர்களால் இரகசிய வழி திறக்க முடிந்தது; எல்லைகளைத் திறக்க அரசுகளாலேயே முடியும். அவை திறக்கவில்லை.

நம் கரையில் ஒதுங்கியவர்கள்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இளைஞர் இயக்கம் ஒன்றும் அகதிகளை அழைத்துவரவில்லை. தனித்தனியாகவே வந்தார்கள். 1934இல் பம்பாயில் அமைந்த யூத நிவாரணச் சங்கம் வந்தவர்களுக்குப் பிணை நின்று வேலை தேடிக்கொடுத்தது. போர் தொடங்கியதும் ஜேர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த யூதரையும் எதிரி நாட்டவராகவே அடைத்துவைத்தார்கள்; விசாரித்து விடுவிக்க மாதங்கள் சென்றன.

இலங்கையிலும் அதே கதை. ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர் 1936இல் இங்கு வந்து துறவு பூண்டு ஞானபோனிக தேரரானார். நாஸிகளிடமிருந்து தப்பிய அவரது தாயாருக்கும் இங்கே புகலிடம் கிடைத்தது. 1939இல் போர் மூண்டதும் ஜேர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகத் தேரர் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் இந்தியாவின் டேராடூனுக்கு மாற்றப்பட்டு, 1946இல்தான் திரும்பினார். மாத்தளை அளுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு சொல்லும் பாளித் திரிபிடகத்தை உலக மொழிகளுக்கு எடுத்துச்செல்லும் பணியில், கண்டி உடவத்தகலை வனத்திலிருந்தபடி, 1994இல் மறையும்வரை அவர் ஈடுபட்டிருந்தார்.

ஆன் ரணசிங்கவின் வருகை போருக்குப் பின்னர். 1925இல் ஜேர்மனியின் எஸ்ஸென் நகரில் அனலீஸ் காட்ஸ் என்ற பெயரில் பிறந்தவர். 1938 நவம்பரில் தம் ஊர்த் தொழுகைக்கூடம் எரிவதைக் கண்டவர். 1939 ஜனவரியில், 13 வயதில், பெற்றோர் அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெற்றோர் லோட்ஸ் அடைப்பிடத்துக்கு நாடுகடத்தப்பட்டு, 1944இல் ஹெல்ம்னோ கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள். இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து 1950களின் தொடக்கத்தில் கொழும்பில் குடியேறிய ஆன், ஆங்கிலத்தில் கவிதை எழுதும் முக்கிய இலங்கைக் கவிஞராக மலர்ந்தார். 1983 ஜூலையில் கொழும்பிலும் கண்டியிலும் மாத்தளையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, எஸ்ஸென் நகரின் நவம்பர் இரவை நினைத்து அவர் எழுதிய கவிதைக்கு 'ஜூலை 1983' என்றே பெயர். 2016 டிசம்பரில் கொழும்பில் அவர் காலமானார்.

(தொடரும்)